சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர்

9 அக்டோபர் 1959

வாராந்திரச் சோதனை முடிந்தது. பாலத்தின் நடுக்கண்ணைத் தூக்கப் பதினொரு நிமிடம், இறக்க எட்டு நிமிடம். எனக்கும் உதவியாள் வீரனுக்கும் தோள்பட்டை கழன்றுவிட்டது. வெள்ளத்தில் மரம் மட்டை வந்து இடிக்குமென்று இந்த நடைப்பாலத்தின் நடுப்பகுதியை மட்டும் வடம் போட்டுத் தூக்குகிற மாதிரி கட்டினான் ஒரு புண்ணியவான். வின்ச்சைச் சுற்றுகிறவனுக்கும் இரண்டே கைதான் என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

கிரீஸ் டின் இன்னும் வரவில்லை. ஆபீசுக்கு நான்கு கடிதம் போட்டாயிற்று. பதிலுக்கு ஒரு கடிதம் வந்தது, கிரீஸ் இல்லாமல். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. கம்பி வடத்தைக் காய விட முடியாது. ஜமால் முகமதுவின் தோல் பதனிடும் ஷாப்புக்கு சைக்கிளை விட்டேன். கொழுப்பு ஒரு தகரம் நிறையக் கொடுத்தான். அத்தா காலத்திலிருந்து நாங்கள் தோலுக்குக் கொழுப்புப் போட்டுப் பழகினவர்கள். காய்ந்த தோலே அதைப் போட்டால் துணி மாதிரி வளைந்து கொடுக்கிறது, கம்பி வளையாதா? வடம் முழுக்க, கப்பி முழுக்கப் பூசிவிட்டேன்.

வீட்டுக்காரி சர்பு வழக்கம்போல நோட்டுடன் கீழே நின்றாள். நான் மேலே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் குறித்துக்கொள்வாள். போல்ட்டு சரி, பலகை சரி, தூணில் நீர்மட்டம் சிவப்புக் கோட்டுக்கு ஆறடி கீழே. அந்த மட்டத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, அவளே பார்த்து எழுதிவிடுவாள். இறங்கி வந்ததும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "கொடல் கழுவுன வாடை அடிக்குது மச்சான், குளிக்காம வீட்டுக்குள்ள கால் வச்சீக பாத்துக்கங்க" என்றாள். குளித்த பிறகும் மூக்கை மூடிக்கொண்டாள். வேண்டுமென்றே.

6 நவம்பர்

மழை. இந்த வாரம் இரண்டு தரம் தூக்கி இறக்கினோம். வடம் கனமாக இழுக்கிறது. பார்க்க வேண்டும்.

11 நவம்பர்

இன்றும் பார்க்கவில்லை.

14 நவம்பர்

மாமா மௌத்தாகிவிட்டார். சர்புவின் அத்தா. என் அம்மாவின் கூடப்பிறந்தவர். அக்கரையில், ஆற்றிலிருந்து ஒன்றரை மைலில் அவர் வீடு. காலைத் தொழுகைக்கு எழுந்தவர் உட்கார்ந்தபடியே சாய்ந்தாராம். எட்டு மணிக்குப் பூக்காரப் பழனியம்மாள் அக்கரையில் நின்று கூவிச் சொன்னாள்.

ஆத்தூர்ப் பக்க மழையில் நேற்றே வெள்ளம் வந்து பாலம் தூக்கியிருந்தது. தண்ணீர் வடியவில்லை. சாலைப் பாலம் எட்டு மைல், அந்தப் பாதையும் முழுகிக் கிடந்தது. மதியத் தொழுகை லுஹருக்கு எடுப்பதாக இருந்ததைச் சர்புவுக்காக மாலைத் தொழுகை அசர் வரை வைத்திருந்தார்கள். அதற்கு மேல் மையத்தை வைத்திருக்கக் கூடாது. அசருக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரப் பாதையில் போனதை அவள் இக்கரையில் நின்று பார்த்தாள். நான் பாலத்தை இறக்கியபோது மணி ஐந்து. அவள் ஓடினாள். மண் தள்ளி முடித்திருந்தார்கள்.

முகம் பார்க்கவில்லை.

17 நவம்பர்

முந்தாநாளுக்கு முந்தின நாள் எழுதியதில் ஒரு வரி பொய். பாலத்துப் பதிவேட்டில் எழுதிய பொய்யையே இங்கேயும் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

தண்ணீர் வடிந்துவிட்டது. அன்றைக்குக் காலை ஒன்பதுக்கெல்லாம் சிவப்புக் கோட்டுக்கு அரையடி கீழே போய்விட்டது. கோட்டுக்குக் கீழே போனால் இறக்கலாம், இறக்க ஆரம்பித்தோம். கால்வாசி இறங்கி நின்றுவிட்டது. கொழுப்பும் ஆற்று மணலும் சேர்ந்து கப்பியின் பள்ளத்தில் கட்டிதட்டிப் போயிருந்தன. வடம் பள்ளத்தை விட்டு ஏறிப் பக்கவாட்டில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. உளியால் செதுக்கி, நெம்புகோல் போட்டு, வடத்தைத் திரும்பப் பள்ளத்தில் உட்கார வைக்கச் சாயங்காலம் ஆயிற்று.

கீழே இருந்து அவள் கேட்டாள், என்ன மச்சான் ஆச்சு என்று. நான் மேலேயிருந்து சொன்னேன்: "தண்ணி இன்னும் வடியணும் சர்பு. வடத்தைச் சும்மா பாத்துக்கிட்டிருக்கோம்." மட்டத்தைத் தானே பார்த்து எழுதுகிறவள், அன்றைக்குத் தூணைப் பார்க்காமல் என் வார்த்தையை நம்பினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் பதிவேட்டில் கை தானாக எழுதிவிட்டது. வீரன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் வெளியே சொல்ல மாட்டான், அது இன்னும் மோசம்.

20 நவம்பர்

மாமி இத்தா இருக்கிறார். நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. ஒத்தையாக விட முடியாது, முடிகிற வரை கூட இருக்கிறேன் என்றாள் சர்பு. நியாயம்தானே. துணிமணி எடுக்க வந்தவள் சமையற்கட்டில் எது எது எங்கே இருக்கிறதென்று காட்டிவிட்டுப் போனாள். பாலம் ஏறும்முன் திரும்பி, நீங்க என்ன செய்வீக, அல்லா நாடுனது அப்படி, மனசைப் போட்டு உழப்பிக்காதீக என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

எனக்கு ஆறுதல். எனக்கு!

5 டிசம்பர்

கப்பியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஊசியால் நோண்டி எடுத்தேன். வடத்தைத் துணி சுற்றிப் பிடித்து முழு நீளத்துக்கும் தடவினேன். வெறுங்கையால் தடவினால் அறுந்த இழை சதையைக் கிழித்துவிடும். துணியென்றால் இழை எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே மாட்டிக் காட்டிக்கொடுக்கும். மூன்று இடத்தில் மாட்டியது. சுண்ணாம்பால் அடையாளம் போட்டேன். கொழுப்புத் தகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜமால் ஏண்டா என்றான். வாடை என்றேன்.

நோட்டைப் பிடிக்க வீரன் இருக்கிறான். ஆனால் அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. நான் மேலேயிருந்து சொன்னதும் "ம்" என்று சர்புவின் சத்தம் கீழேயிருந்து வருமே. அது இல்லாமல் போல்ட்டைத் தட்டினால் தட்டின மாதிரியே இல்லை.

19 டிசம்பர்

பழனியம்மாள் தினம் விடியற்காலை அக்கரையிலிருந்து மல்லிகைக் கூடையோடு வந்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போகிறாள். சர்புவைப் பற்றி அவள் வாயால்தான் தெரிகிறது. இன்று சொன்னாள், ஒம்ம வீட்டம்மா இளைச்சுப் போச்சு பாய், மத்தபடி நல்லாத்தான் இருக்கு. நான் ஏதாவது சொல்லி அனுப்பணுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். பூ வாடிவிடுமென்று ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள், அவள் ஒரு நொடி நின்று நான் பார்த்ததில்லை.

என்ன சொல்லி அனுப்புவது? சமையற்கட்டில் உப்பு ஜாடி எங்கே என்று கேட்டு அனுப்பலாம். அவள் காட்டிவிட்டுத்தான் போனாள், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டிருக்கலாம். பதில் வந்திருக்குமே.

10 ஜனவரி 1960

இன்று அக்கரை போனேன். மருமகன் போய்ப் பார்க்கத் தடை ஒன்றும் இல்லை, ஊரே ஏன் வரவில்லை என்று கேட்கிறது. தெருமுனை வரை போனேன். கொல்லையில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமாவின் வெள்ளைச் சட்டை. அவருக்குப் பிறகும் துவைத்துப் போடுகிறாள். முகத்தில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு நின்றாள்.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளுக்கு முந்நூறு பேர் என் பாலத்தில் நடக்கிறார்கள். நடக்க முடியாதவன் நான் ஒருத்தன்.

4 பிப்ரவரி

பாலத்தின் அடிப்பகுதியைப் பார்க்கும் நாள். நானே இறங்கினேன். கீழே இறங்குகிறவன் வின்ச்சின் கைப்பிடியைத் தன் பூட்டால் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு இறங்க வேண்டும். ஆள் கீழே இருக்கும்போது மேலே எவனும் சுற்றிவிடக் கூடாது. இந்தச் சட்டத்தையெல்லாம் ஒரு எழுத்துத் தவறாமல் செய்கிறேன். ரொம்ப யோக்கியன்!

1 மார்ச்

நோன்பு பிறந்துவிட்டது. விடியுமுன் சஹர் சாப்பிடப் பக்கிர் தப்படித்து எழுப்புகிறார். அவள் இருந்தால் கால் பெருவிரலைப் பிடித்துத் திருகுவாள். "எந்திரிக்கிறீகளா, நானே உங்க பங்கையும் தின்னுரவா" என்பாள். இன்று பக்கிர் வந்து போய், நான் விழித்த பிறகும் செத்த நேரம் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். நாற்பத்தோரு வயதுக் கிழவன். வெட்கக்கேடு.

பழைய சோறும் மோரும். நோன்பு திறக்கப் பேகம்பூர்ப் பள்ளிவாசல் கஞ்சி.

21 மார்ச்

இன்றோடு மாமிக்கு இத்தா முடிகிறது. வீட்டைக் கழுவினேன். அவள் தலையணை உறையைத் துவைத்தேன். பாலத்துப் பக்கம் பார்க்கும் சன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை.

24 மார்ச்

வரவில்லை. பெருநாளைக்கு வந்துவிடுவாள்.

அந்தப் பொய்யோடேயே வந்துவிட்டால்? வந்துவிடட்டுமே. யாருக்கு என்ன நட்டம்? வீரன் சொல்ல மாட்டான். நானும் சொல்லாமல் செத்துப்போகலாம். அவள் சோறு போடுவாள், நான் தின்பேன், அவள் மாமாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது வருசம் இப்படித் தட்டைப் பார்த்தே ஓட்ட முடியுமா?

முடியும் போலத்தான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

30 மார்ச்

நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்ததும் நேரே அக்கரை போனேன். இந்தத் தடவை தெருமுனையில் நிற்கவில்லை.

மாமி கதவோரம் உட்கார்ந்திருந்தார். சர்பு சேமியாப் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். இளைத்துத்தான் போயிருந்தாள். என் சட்டையில் பொத்தான் அறுந்திருந்ததைப் பார்த்து ஊசி நூல் எடுக்க எழுந்தாள். அப்போது சொல்லிவிட்டேன். அவள் சட்டையில் கை வைத்துவிட்டால் என்னால் சொல்ல முடியாதென்று தெரிந்துவிட்டது. கொழுப்பு, மணல், ஒன்பது மணிக்கே தண்ணீர் வடிந்தது, எல்லாம். மாமி இருக்கும்போதே.

சர்பு நின்றபடியே கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இதுதான்:

"தண்ணியின்னா அல்லா நாட்டம்னு இருந்துக்கிட்டேன் மச்சான். நாலு மாசமா அதைச் சொல்லித்தான் மனசைத் தேத்துனேன். இப்ப நான் எதைச் சொல்லித் தேத்துறது?"

அவள் உள்ளே போய்விட்டாள். மாமி மட்டும், போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, அவளை நான் அனுப்புறேன்னும் சொல்ல மாட்டேன், அனுப்பலைன்னும் சொல்ல மாட்டேன் என்றார். பாயசம் அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். மனசிலிருந்து பாரத்தை இறக்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இறக்கி யார் தலையில் வைத்தேன்?

2 ஏப்ரல்

பதிவேட்டில் நவம்பர் 14க்கு எதிரே சிவப்பு மையில் உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபீசுக்கும் ஒரு நகல். வீரன் பதறிப்போனான். "என்னண்ணே, தானாப் போயி தலையைக் குடுக்கிறீங்க" என்றான். உன் பேர் அதில் இல்லை என்றேன். அதற்கா சொன்னேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

19 ஏப்ரல்

இன்ஜினீயர் வந்தார். இரண்டு மணி நேரம் விசாரித்தார். மெமோ கொடுத்தார், பிரமோஷன் போயிற்று. போகும்போது தனியாகக் கூப்பிட்டு, ஐந்து மாதம் கழித்து எதற்கய்யா இதை எழுதினாய் என்று கேட்டார். சொந்த விஷயம் சார் என்றேன்.

நான்கு கடிதத்துக்கு வராத கிரீஸ், மெமோவுக்குப் பின்னாலேயே மூன்று டின் வந்துவிட்டது. சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

12 ஜூன்

புது வடம் மாற்றினோம். நன்றாக இழுக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. முதலில் தோன்றுவது அதுதான், எப்போதும். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

3 ஜூலை

ஒன்றுமில்லை.

21 ஆகஸ்ட்

பழனியம்மாளிடம் சர்பு கேட்டாளாம், பாலத்தில் ஏதோ விசாரணையாமே, வேலை போயிருச்சா என்று. போகலை, பாய் தன் தப்பைத் தானே எழுதிக் குடுத்தாராம், ஊரெல்லாம் கிறுக்கன்கிறாங்க என்றாளாம் இவள். அதுக்கு என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லலை பாய். எப்ப எழுதுனாருன்னு மட்டும் கேட்டுச்சு. பெருநா முடிஞ்சு மூணாம் நாளுன்னேன். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். அதை வைத்துக்கொண்டு இன்று முழுக்க ஓட்டினேன்.

18 அக்டோபர்

சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளச் செய்தி வந்தது. பாலத்தைத் தூக்கும்முன் நான் அக்கரை வரை நடந்து, ஆள் இல்லையென்று பார்த்து, அந்தப் பக்கத்து இரும்புக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். பூட்டப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் சர்பு நின்றுகொண்டிருந்தாள். கையில் துணிமூட்டை.

கதவை அகலத் திறந்துவிட்டேன். வா என்றேன், சீக்கிரம் வா, தண்ணீர் ஏறுகிறது. அவள் அசையவில்லை.

"பூட்டுங்க மச்சான். இப்ப வரலை. தண்ணி வடிஞ்சு நீங்க எறக்குனதும் வாரேன். இங்கேயே வந்து நிப்பேன்."

எறங்கலைன்னா, என்று கேட்டேன். எத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தாலும் இரும்பு இரும்புதானே.

"எறங்கலைன்னா எறங்கலைன்னு சொல்லுங்க. அதைச் சொன்னாலும் வாரேன். சொல்லாததுக்குத்தான் வராம இருந்தேன்" என்றாள்.

பூட்டினேன். திரும்பி நடந்தேன். மணியடித்துத் தூக்கினோம். பத்து நிமிடம்.

19 அக்டோபர்

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இரண்டடி மேலே. வடியவில்லை. இது உண்மை.

அக்கரையில் பகலெல்லாம் யாரும் இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

20 அக்டோபர்

காலை ஆறரைக்குக் கோட்டுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கிவிட்டது. அக்கரையில் பூக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒரு பால்காரர். அவர்களுக்குப் பின்னால் சர்பு.

இறக்கும்முன் வழக்கப்படி வின்ச்சைப் பூட்டி, சாவியைச் செருகிக்கொண்டு கீலைப் பார்க்க இறங்கினேன். வெள்ளத்தில் வந்த மரம் ஒன்று இடித்து, கீல் போல்ட்டு ஒன்றின் தலை பாதி பிய்ந்து தொங்கியது. அப்படியே இறக்கினாலும் இறங்கிவிடும். ஒருத்தருக்கும் தெரியாது. பத்துப் பேர் கூடையோடு ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது.

மேலே ஏறி வந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்:

"தண்ணி வடிஞ்சிருச்சு! பாலம் தயாரில்ல! போல்ட்டு பிய்ஞ்சு கெடக்கு, மாத்தணும், ரெண்டு மணி நேரம் ஆகும்!"

அக்கரையில் பூக்காரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பால்காரர் திட்டியது தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை, கையாட்டியதில் புரிந்தது. சர்பு மூட்டையைத் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

வீரனும் நானும் போல்ட்டை மாற்றினோம். ஒன்றே முக்கால் மணி நேரம். இறக்கினோம், புது வடம் ஒரு முனகல் இல்லாமல் விட்டுக்கொடுத்தது. முதலில் சோதித்தவனே நடந்து காட்ட வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். நடந்தேன். ஒவ்வொரு பலகையையும் மிதித்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, அக்கரைக் கதவைத் திறந்தேன். பூக்காரிகள் முண்டினார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வாங்க, முதல்லே இது வரட்டும் என்று சர்புவைக் காட்டினேன். இது என்றுதான் வந்தது வாயில்.

"எல்லாம் பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

பார்த்தாச்சு என்றேன். மூட்டையை வாங்கிக்கொண்டேன். நான் முன்னால், அவள் பின்னால்.

நடுக்கண்ணுக்கு வந்ததும் பின்னால் காலடி நின்றது. திரும்பினேன். அங்கேயிருந்து பார்த்தால் ஆற்றோரப் பாதை நீளத்துக்கும் தெரியும், மாமா அடங்கிய மையவாடி வரைக்கும். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள், அன்றைக்கு அழாததையெல்லாம். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் போ என்று சொல்லவில்லை.

அவளுக்குப் பின்னால் பழனியம்மாள், தலையில் கூடையோடு. வெயில் ஏறிவிட்டது, மல்லிகை மலர ஆரம்பித்துவிட்டது, மார்க்கெட் முடிகிற நேரம். ஆனாலும் அவள் பின்னால் முண்டினவர்களையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சர்பு அழுது முடிக்கிற வரைக்கும் நின்றாள்.